பூவம் வரைக்குமான கட்டு

காரைக்காலில் லோடு ஏற்றுகிறவர்களுக்கு இரண்டு விதமாகக் கட்டத் தெரியும். பூவம் வரைக்கும் கட்டுவது ஒன்று, பூவம் தாண்டிக் கட்டுவது இன்னொன்று. முதலாவதைக் கட்டு என்று சொல்வதே பாவம். கயிற்றைச் சரக்கின் மேல் வீசி, கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றி, இழுத்தால் உருவிக்கொள்கிற மாதிரி ஒரு முடிச்சுப் போடுவார்கள். பூவம் தாண்டினால் தமிழ்நாடு. அப்போது அங்கே மதுவிலக்கு. நம் பக்கத்திலிருந்து பாட்டில் போகிறதா என்று எல்லைச் சாவடியில் அவிழ்த்துப் பார்ப்பார்கள். எப்படியும் அவிழ்க்கப் போவதை எதற்கு இறுக்க வேண்டும் என்பது இவர்களுடைய நியாயம். நடுவில் கோட்டுச்சேரி வளைவில் மூட்டை சரிந்து சைக்கிள்காரன் மேல் விழுந்தால் அது அவன் தலையெழுத்தாம். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்தெட்டில், ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில், என் லாரியில் நெல்லும் ஏற்றவில்லை, ஐஸ் மீனும் ஏற்றவில்லை. என் தங்கை இசபெல்லாவின் சீர்ப் பீரோவை ஏற்றினேன். ஆள் உயரக் கண்ணாடி வைத்த தேக்குப் பீரோ. கல்யாணத்தன்று அது தயாராகவில்லை என்பதற்காக, "பீரோவோடவே வா" என்று சொல்லி மாமியார் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தாள். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்துமஸ், தவக்காலம் எல்லாம் அவள் எங்கள் வீட்டிலேயே கழித்தாள். கோயிலுக்குப் போனால் புருஷன் வீட்டுக்கு எப்போது போகிறாய் என்று கேட்பார்கள் என்று பூசைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

சீர்காழியிலிருந்து மாமியார் சொல்லி அனுப்பிய நிபந்தனைகள் வேறு. கண்ணாடியில் கீறல் இருக்கக் கூடாது. பீரோவைப் பூட்டித்தான் கொண்டுவர வேண்டும். சாவி அவள் கைக்குப் போக வேண்டும். அவள்தான் முதலில் திறந்து என்னென்ன வந்திருக்கிறது என்று பார்ப்பாளாம். அந்த வீட்டு வழக்கமாம்.

காலையிலேயே பீரோவை ஏற்றி, கண்ணாடிப் பக்கம் முன்னால் இருக்கும்படி நிறுத்தி, கேபினுக்கும் அதற்கும் நடுவில் மெத்தையைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் வைக்கோல் திணித்த சாக்கு, பின்னால் சீர்க் குடமும் அண்டாவும். கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, நடுவில் கம்பைக் கொடுத்து முறுக்கினேன். லோடுமேன் உத்திராபதி தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏண்ணே, பூவத்துல அவுக்கத்தானே போறோம்? அங்க போயி இறுக்கிக்கலாம்ல?"

"ஏன், பூவம் வரைக்கும் ரோட்டுல பஞ்சு மெத்தையா போட்டிருக்கான்?"

"ஊரே அப்படித்தானே போவுது?"

"ஊரு போவட்டும். இது என் தங்கச்சி பீரோ."

இசபெல்லா கேபினில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழி நெடுக நான்தான் பேசிக்கொண்டே வந்தேன், பள்ளத்தைத் திட்டி, மாட்டு வண்டியைத் திட்டி. பின்னால் பீரோ ஒரு சத்தம் போடவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாவடியில் எங்களுக்கு முன்னால் ஒரு தேங்காய் லாரி நின்றது. ஏட்டு கயிற்று நுனியைப் பிடித்து இழுத்தார். கட்டு மொத்தமும் கழன்று விழுந்தது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்து எங்கள் கயிற்றை இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார்.

"என்னய்யா இது? உள்ள என்ன வெச்சிருக்க?"

"பீரோங்க. தங்கச்சி சீரு."

"பீரோவுக்கா இம்மாங் கட்டு?"

"கீழ விழக் கூடாதுன்னுதாங்க."

"எல்லாவனும் லூசாக் கட்டிட்டு வர்றான். நீ மட்டும் இறுக்கியிருக்கன்னா சும்மாவா?"

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூட வரவில்லை. "ஆமாங்க. ஒழுங்காக் கட்டுனவன் திருடன். வழியெல்லாம் கொட்டிட்டு வர்றவன் யோக்கியன்."

உத்திராபதி என் இடுப்பில் கிள்ளினான். ஏட்டின் முகம் சிவந்துவிட்டது. "எல்லாத்தையும் எறக்கு" என்றார்.

இறக்கினோம். மெத்தை, குடம், அண்டா, கடைசியில் பீரோ. சாலை ஓரத்து மணலில் அதை நிறுத்தினோம். சோதனைக்காக நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவன் கண்ணாடி முன்னால் வந்து நின்று தலை வாரிக்கொண்டான். அவனை அடிக்கப் போனேன். உத்திராபதி பிடித்துக்கொண்டான்.

"தொற" என்றார் ஏட்டு.

"இதை மட்டும் வேண்டாங்க. இவ மாமியார்தான் மொதல்ல தொறக்கணும். அந்த வீட்டு வழக்கம்." நான் யாரிடமும் கெஞ்சியவன் இல்லை. அன்றைக்குக் கெஞ்சினேன்.

"அப்ப அந்தம்மாவைக் கூட்டிட்டு வா. வர்ற வரைக்கும் பீரோ இங்கயே நிக்கட்டும்."

கேபின் கதவு திறந்தது. இசபெல்லா இறங்கி வந்தாள். கைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் போட்டுத் திறந்தாள். புடவைகள், ஜாக்கெட் துணிகள், உள்பாவாடைகள், வெள்ளிக் குத்துவிளக்கு, அம்மா கொடுத்த ஜெபமாலை. ஏட்டு ஒவ்வொன்றாக எடுத்து மெத்தை மேல் வைத்தார். பஸ் ஜனம் முழுக்கப் பார்த்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அடித்தட்டு வரை பார்த்துவிட்டு, "அடுக்கி வெச்சுக்கம்மா" என்று சொல்லி அவர் நகர்ந்துவிட்டார்.

அவள் மெதுவாக அடுக்கிப் பூட்டினாள். நாங்கள் திரும்ப ஏற்றினோம். மறுபடி மெத்தை, சாக்கு, கயிறு, கம்பு. "போதும்ணே, இதுக்கு மேல இறுக்குனா கயிறு அறுந்துடும்" என்றான் உத்திராபதி. நான் விடாமல் முறுக்கினேன். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"கேட்டா தொறக்கலன்னு சொல்லிடு" என்றேன் இசபெல்லாவிடம். "கண்ணாடியில கீறல் கெடையாது. வேற எதுவும் அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"வண்டியத் திருப்புண்ணே."

"என்னது?"

"வீட்டுக்குப் போவலாம்."

எனக்குக் கண் மண் தெரியவில்லை. கத்தினேன். இத்தனை மாதமாக இந்தப் பீரோவுக்கு நான் பட்ட பாட்டைச் சொன்னேன். அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். ஒரு போலீஸ்காரன் திறந்துவிட்டான் என்பதற்காக வாழ்க்கையையே வேண்டாம் என்கிறாயா என்று கேட்டேன். அவள் நான் முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"அங்கயும் இதாண்ணே நடக்கும். நடுக்கூடத்துல வெச்சு, சொந்தக்காரங்களக் கூப்புட்டு, ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பாங்க. இந்த ஏட்டாவது பாத்துட்டு அடுக்கி வெச்சுக்கன்னாரு. அவங்க அதுகூடச் சொல்ல மாட்டாங்க. இது இல்ல, அது இல்லன்னு மறுபடி அனுப்புவாங்க."

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. டயரை எட்டி உதைத்தேன்; கால்தான் வலித்தது. அவள் கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஏறி வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன்.

ஏட்டு ஓடி வந்து மறித்தார். "எங்க திரும்புற? பயந்துட்டியா? அப்ப உள்ள என்னவோ இருக்கு." கை நேராக என் கயிற்றுக்குப் போனது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் இசபெல்லா ஜன்னல் வழியே சாவியை நீட்டினாள்.

"தொறந்து பாருங்க சார். இனிமே யாரு தொறந்தா என்ன, பீரோ என்னோடதுதான்."

ஏட்டு அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாவியை வாங்காமல் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். நான் வண்டியைக் காரைக்கால் பக்கம் திருப்பினேன்.