ஆறு இருபதுக்கு மறையும் புள்ளி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கருவிகளுக்குக் கையேடு எழுதிப் பிழைப்பவன் நான். போன மாதம் எழுதிய கையேட்டில் ஒரு வரி: ‘இருபது நிமிடம் அசையாமல் இருக்கும் எதையும் இக்கருவி மேசை நாற்காலிகளோடு சேர்த்துவிடும்.’ எழுதிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: அவள் ஜன்னலருகே நின்று—

(வேண்டாம். என் கதைகளில் எல்லாரும் ஜன்னலருகேதான் நிற்கிறார்கள்.)

இரண்டாம் முயற்சி: ஆராய்ச்சிக்காரி ஒருத்தி. நாற்பது வயது, தனிக்கட்டை. வீட்டுக்குள் ஆள் எந்த மூலையில் இருக்கிறார் என்று மீயொலியால் கண்டுபிடிப்பது அவள் வேலை. காதுக்கு எட்டாத ஒலியைச் சின்னப் பெட்டி ஒன்று அனுப்பும்; அது ஆள்மேல் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். திரையில் ஆள் வெறும் பச்சைப் புள்ளி. சோதனைக்கென்று, வேறு ஊரில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் அப்பாவின் வீட்டில் நான்கு பெட்டிகளை மாட்டினாள். அப்பா ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். ஏணியை அவர்தான் பிடித்துக்கொண்டார்.

“கேமராவா?”

“இல்லப்பா. சத்தம். உங்க மேல பட்டுத் திரும்பி வரும்.”

“லிஃப்ட் குழிக்குள்ள கத்தி ஆழம் பாப்பேனே, அந்த மாதிரியா? எனக்குக் கேக்குமா?”

“கேக்காது. பக்கத்து வீட்டு நாய்க்கு வேணா கொஞ்சம் கேக்கும்.”

“பாவம் அது. அப்ப இனிமே நீ போன் பண்ண வேண்டியதில்ல,” என்றார், சிரித்துக்கொண்டே.

“அதெல்லாம் பண்ணுவேன்பா. ஆறு மணிக்கு, எப்பவும் போல.”

3

முதல் வாரம் பண்ணினாள். பிறகு விட்டுப்போயிற்று. புள்ளி சமையலறைக்குப் போனது, குளியலறைக்குப் போனது, வந்து படுத்தது. நன்றாக இருக்கிறார் என்று கண்ணெதிரே தெரியும்போது “சாப்பிட்டீங்களா” என்று எதற்குக் கேட்பது? (இங்கே அவளைத் திட்டி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன்.*)

* என் அக்கா தினமும் காலையில் போனில் ஒரு பூப்படம் அனுப்புவாள். வந்தால் அவள் நலம். பதிலுக்கு நான் ஒரு கட்டைவிரல் அனுப்புவேன்; நானும் நலம். அவள் குரலைக் கேட்டு எட்டு மாதம் ஆகிறது.

தினமும் மாலை ஆறு இருபதுக்குப் புள்ளி வாசல் கதவருகே மறையும். ஏழரைக்கு அதே இடத்தில் மறுபடி முளைக்கும். அப்பா நடக்கப் போகிறார் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். ‘வசிப்பவர் மாலையில் வெளியே செல்கிறார்’ என்று ஆய்வுக் கட்டுரையிலும் எழுதினாள். இப்படியே நாற்பத்து மூன்று நாள்.

4

நாற்பத்து நான்காம் நாள் அப்பாவின் ஊரில் பேய்மழை. தெருவில் இடுப்பளவு தண்ணீர், யாரும் வெளியே வர வேண்டாம் என்று செய்தி. ஆறு இருபதுக்குப் புள்ளி மறைந்தது.

இந்தத் தண்ணீரில் மனிதர் எங்கே போனார்?

(உடனே போன் செய்ய வேண்டியதுதானே என்கிறீர்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் கை கணினிப் பக்கம்தான் போகிறது.)

கருவி ஒதுக்கித் தள்ளியதும் சேர்ந்திருக்கும் வடிகட்டாத பதிவைத் திறந்தாள். வாசலருகே ஒரு எதிரொலி அப்படியே இருந்தது. கருவி அதை மேசை நாற்காலிக் கணக்கில் எழுதியிருந்தது. முந்தின நாள் பதிவைப் பார்த்தாள், அதற்கு முந்தின நாளையும் பார்த்தாள். ஆறு மணிக்கு வந்து ஏழரைக்கு எழுந்துபோகிற நாற்காலி எந்த வீட்டில் இருக்கிறது?

வாசலருகேதான் சார்ஜர் சொருகுகிற இடம். அப்பாவின் போனில் பேட்டரி போய் ஒரு வருடம்; ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். மகள் கூப்பிடுவாள் என்று தினமும் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார், அசையாமல். கட்டிலுக்கு மட்டும் விலக்கு வைத்து அவள் எழுதிய நிரல் இருபது நிமிடத்தில் அவரை ஆள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

 அவரே கூப்பிடலாமே என்றால்: ‘வேலையா இருப்பா, தொந்தரவு பண்ணக் கூடாது’ என்கிற அப்பாக்களை நீங்கள் பார்த்ததே இல்லையா?

5

முடிவு, அ: அவள் கூப்பிடுகிறாள். முதல் மணி அடித்து முடிவதற்குள் குரல் வருகிறது. “சொல்லும்மா.”

“என்னப்பா பண்றீங்க?”

“சும்மாதான் உக்காந்திருக்கேன்.”

(எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது, அதனால்தான் சந்தேகம் வந்தது. நாற்பத்து மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரே மணியில் மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.)

முடிவு, ஆ: நிரலில் இருபது என்று இருப்பதைத் தொண்ணூறு என்று மாற்றுகிறாள். புள்ளி பளிச்சென்று வந்துவிடுகிறது. அப்பா வீட்டில்தான் இருக்கிறார், நலம். நிம்மதியாக மூச்சு விட்டு, கட்டுரையைத் திருத்த உட்காருகிறாள்.

(இதுதான் அவள் சுபாவத்துக்குப் பொருத்தம். என் சுபாவத்துக்கும்.)

6

எதை வைத்துக்கொள்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு கை விசைப்பலகையில், ஒரு கை போனில் என்று அவளை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். அங்கே மணி ஏழு பத்து. ஏழரைக்கு அவர் எழுந்துவிடுவார். அதற்குள் அவளை என்ன செய்யச் சொல்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அக்காவின் நம்பரை எடுத்து வைத்திருக்கிறேன். அவள் எந்த நேரத்தில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.