ஷார்ஜாவிலிருந்து வந்த இரண்டு சீட்டு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி. பின்னால் இருக்கிற பிள்ளைக்கும் இடம் விடுங்கள். லப்பைக்குடிக்காட்டு ஜபருல்லா தன் பழைய பிக்கப் வண்டிக்கு இரண்டு சீட்டு மாற்றினார் இல்லையா, அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் யாரும் தூங்கிவிடக் கூடாது.

ஜபருல்லாவுக்கு பிளாஸ்டிக் சாமான் வியாபாரம். குடம், வாளி, கூடை, பாய் எல்லாம் திருச்சியில் மொத்தமாக எடுப்பார். குன்னம், செந்துறை, அரியலூர் என்று கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார். லைனுக்குப் போவது என்று சொல்வார்களே, அதுதான். அந்த லைனெல்லாம் அவர் ஓட்டியது இந்த ஒரே பிக்கப்பில்தான். மகன் அஸ்லாம் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது வாங்கியது. அஸ்லாம் வளர்ந்து, கல்யாணம் கட்டி, ஷார்ஜாவுக்கும் போய்விட்டான். வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மருமகள் இர்பானா ஆர்டர் எழுதிக்கொள்ள மாமனாரோடு லைனுக்குப் போவாள். அவளுக்கு லைசென்ஸும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னாலேயே அண்ணன்காரனோடு வீம்புக்குப் போட்டி போட்டு எடுத்தது. ஆனால் ஜபருல்லா இருக்கும்போது அவள் ஏன் ஸ்டீயரிங்கைத் தொடப்போகிறாள்?

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, திருச்சியிலிருந்து லோடோடு வருகிறார்கள். சிறுவாச்சூரில் கோயில் கூட்டம். பூக்கூடையோடு ஒரு அம்மா ரோட்டைக் கடந்தாள். பிரேக்குக்குக் காலை மாற்ற வேண்டும். ஜபருல்லாவின் வலது முட்டி பிடித்துக்கொண்டது, கால் வரவில்லை. எப்படியோ மிதித்தார். வண்டி கூடையில் இடித்து நின்றது. அந்த அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பூ மட்டும் ரோடு முழுக்க. இர்பானா இறங்கி, அந்த அம்மாவைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பூவுக்கும் காசு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஜபருல்லா ஸ்டீயரிங்கை விட்டு மெல்ல நகர்ந்து அவள் உட்காருகிற பக்கம் வந்துவிட்டார்.

"நீ எடும்மா. முட்டி சரியாகுற வரைக்கும்."

அன்றைக்கு ஆரம்பித்தது. அவள் ஓட்டுகிறாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். ஆனால் யார் கேட்டாலும், "முட்டி சரியாகட்டும், நானே எடுத்துக்குவேன்" என்பார். டாக்டர் ஆபரேஷன் என்றார். அதற்கும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். சாவி மட்டும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். காலையில் எடுத்துக் கொடுப்பார், சாயங்காலம் வாங்கி வைத்துக்கொள்வார்.

இதில் ஒரு தொல்லை. அந்த வண்டியில் முன்னால் இருந்தது ஒரே நீட்டு சீட்டு. முன்னே இழுத்தால் இரண்டு பேரும் முன்னே வரணும், பின்னே தள்ளினால் இரண்டு பேரும் பின்னே போகணும். ஜபருல்லா ஆறடி ஆள். இர்பானா அவர் நெஞ்சு உயரம். அவளுக்குக் கிளட்ச் எட்ட வேண்டுமென்றால் அவர் முட்டி டேஷ்போர்டில் இடிக்கும். அவர் காலை நீட்ட வேண்டுமென்றால் அவள் கட்டைவிரலால்தான் கிளட்சை மிதிக்க வேண்டும்.

"மாமா, சீட்ட கொஞ்சம் பின்னாடி தள்ளிக்கட்டா?"

"ஒனக்குக் கால் எட்டுமாம்மா?"

"எட்டும், எட்டும்."

எங்கே எட்டியது? கொஞ்ச தூரம் போனதும் அவர், "எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு, நீ முன்னாடி இழுத்துக்க" என்பார். அதுவும் பொய். இப்படி இரண்டு பேரும் மாறி மாறிப் பொய் சொல்லிக்கொண்டே அரியலூர் வரைக்கும் போவார்கள். அவள் முதுகுக்கு ஒரு தலகாணி, அடியில் ஒரு தலகாணி. பிரேக் போட்டால் அடியில் இருப்பது வழுக்கும்.

வீட்டில் அவர் மனைவி குல்சும் தைலக் குப்பியோடு காத்திருப்பாள்.

"ஒருத்தருக்கு முட்டி, ஒருத்திக்கு இடுப்பு. வண்டில ஊரு சுத்துறது நீங்க ரெண்டு பேரும், தேச்சுத் தேச்சு கை ஓயுறது நானா? அந்தத் தகர டப்பாவ வித்துத் தொலைங்க."

இந்தச் சேதி ஷார்ஜாவுக்குப் போனது. அஸ்லாமுக்கு அங்கே பழைய வண்டிகளைப் பிரித்து சாமான் சாமானாக விற்கிற யார்டில் வேலை. ஒரு நாள் போனில் சொன்னான்.

"அத்தா, ஒரு வண்டிலேந்து நல்ல பக்கெட் சீட்டு ரெண்டு கழட்டி வச்சிருக்கேன். தனித்தனியா நகரும். டிரைவர் சீட்டுல ஒரு கைப்பிடி இருக்கு, பம்பு அடிக்கிற மாதிரி அடிச்சா சீட்டு மேல வரும். இர்பானா ஓட்டுறப்ப ஏத்திக்கட்டும், நீங்க ஓட்டுறப்ப எறக்கிக்குங்க."

"பக்கெட்டா? நம்ம குடோன்ல கெடக்குறது பத்தாதா?" என்றாள் குல்சும் பின்னாலிருந்து.

ஜபருல்லா அதைக் காதில் வாங்கவில்லை. நீங்க ஓட்டுறப்ப என்று பிள்ளை சொன்னானே, அதிலேயே அவர் மனசு நின்றுவிட்டது. மற்றவர்கள் முட்டியைப் பற்றி விசாரிப்பதோடு சரி. இவன் ஒருத்தன்தான் திரும்ப ஓட்டுவார் என்று கணக்கில் வைத்திருக்கிறான்.

சீட்டுகள் கப்பலில் கார்கோவாக வந்து சேர்ந்தன. பேரீச்சம்பழம், சோப்பு எல்லாவற்றுக்கும் நடுவில், கம்பளியில் சுற்றி. சாம்பல் நிறத் துணி, சாய்ந்தால் முதுகை அணைத்துப் பிடிக்கிற மாதிரி வளைவு. குல்சும் கூடத்தில் வைத்து ஒன்றில் உட்கார்ந்து பார்த்தாள். "மாஷா அல்லாஹ். வண்டிக்கு எதுக்கு இது, இங்கயே கெடக்கட்டுமே" என்றாள்.

மறுநாளே பெரம்பலூருக்கு, துறையூர் ரோட்டில் இருக்கிற பூவரசன் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். பூவரசன் வெல்டிங்கும் செய்வான், வண்டிக்கு சீட்டும் கட்டுவான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"பாய் வண்டிக்குப் புது மாப்ள சீட்டா? அசத்துங்க."

நீட்டு சீட்டைக் கழற்றி வெளியே போட்டான். கார்கோவில் வந்த டிரைவர் சீட்டைத் தூக்கி ஸ்டீயரிங் பக்கம் வைத்தான். வைத்தவன் அப்படியே நின்றான். எடுத்தான், திரும்ப வைத்தான்.

"பாய், ஒங்க மவன் இத எந்த ஊரு வண்டிலேந்து கழட்டுனாரு?"

"ஷார்ஜா வண்டிதான்."

"அந்த ஊருல ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கும்?"

ஜபருல்லா சீட்டையும் ஸ்டீயரிங்கையும் மாறி மாறிப் பார்த்தார். இர்பானாவுக்குத்தான் முதலில் விளங்கியது, தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். டிரைவர் சீட்டும் இடது பக்கத்துக்கென்று செய்தது. அதை வலது பக்கம் கொண்டுவந்து வைத்தால், கதவுப் பக்கம் இருக்க வேண்டிய பம்புக் கைப்பிடி நடுவில் வந்து ஹேண்ட் பிரேக்கில் இடிக்கிறது. பெல்ட்டை மாட்டுகிற பூட்டு கதவுப் பக்கம் போய்விடுகிறது. பெல்ட் வருவதும் கதவுப் பக்கம், பூட்டும் கதவுப் பக்கம் என்றால் எதில் போய் மாட்டுவது?

அங்கிருந்தே அஸ்லாமுக்குப் போன் போட்டார்கள்.

"அத்தா... எனக்குத் தோணவே இல்லத்தா. வருஷக்கணக்கா இங்கயே கெடக்கேன்ல. டிரைவர்னா இடது பக்கம்னு கையி பழகிப்போச்சு."

"அதனால என்னடா. நீ சாப்டியா?" என்று கேட்டுவிட்டு ஜபருல்லா போனை வைத்தார்.

பூவரசன் தாடையைச் சொறிந்தான். "ஒண்ணும் கெட்டுப்போவல. மாத்திப் போடுவோம். அந்த ஊரு டிரைவர் சீட்டு இந்தப் பக்கம் பாய்க்கு. பக்கத்து சீட்டு ஸ்டீயரிங் பக்கம். பூட்டெல்லாம் சரியா வந்துரும். முன்ன பின்ன நகரும். ஆனா பம்பு மட்டும் இருக்காது."

வைத்துக் காட்டி இர்பானாவை ஏறச் சொன்னான். அவள் ஏறி, சீட்டை முன்னே இழுத்துக்கொண்டாள். கிளட்ச் சுகமாக எட்டியது. ஆனால் புது சீட்டு பழசைவிடத் தாழ்வு.

"ரோடு தெரியுதாம்மா?"

"மீட்டர் நல்லாத் தெரியுதுண்ணே."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பிறகு பூவரசன் விஷயத்துக்கு வந்தான்.

"அடியில சதுர பைப்ப வச்சு ஒசத்தலாம். வெல்டிங் வச்சா கெட்டியா நிக்கும். யாரு ஒசரத்துக்குன்னு மட்டும் சொல்லிருங்க. பாய் ஓட்டுறதா இருந்தா பைப்பே வேணாம், இப்படியே முடுக்கிருவேன். இந்தப் பொண்ணு ஒசரத்துக்கு ஏத்துனா பாய் தலை கூரையில இடிக்கும், கால் ஸ்டீயரிங்குக்கு அடியில நொழையாது."

சிரிப்பு நின்றுவிட்டது. இர்பானா ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா ஒசரத்துக்கே இருக்கட்டும்ணே. எனக்குத் தலகாணி பழகிருச்சு."

ஜபருல்லாவுக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. பூவரசனிடம் கேட்டார்: "கழட்டி மாட்டுற மாதிரி பண்ண முடியாதாப்பா?"

"பண்ணலாம் பாய், போல்ட்டுல. ஆனா ஒவ்வொரு வாட்டியும் இங்கதான் வரணும், அரை நாளு ஆவும். நீங்க அடுத்து எப்ப ஓட்டுவீங்கன்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன செஞ்சு தரேன்."

அவன் மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. ஜபருல்லாவுக்குத்தான் அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒரு தேதி கிடைக்கவில்லை.

"நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அவர்கள் எதிர்க்கடைக்குப் போனதும், ஸ்டீயரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தார். சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அவர் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது அந்த சீட்டு. தலைக்கு மேல் இடம், காலுக்கு முன்னால் இடம். இத்தனை வருஷத்தில் இப்படி வசதியாக அந்த வண்டியில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

ஆக்சிலேட்டரில் காலை வைத்தார். அங்கிருந்து பிரேக்குக்கு மாற்றினார். மெதுவாக மாற்றினால் வந்தது. சட்டென்று மாற்றிப் பார்த்தார். முட்டி பாதியில் நின்றது. இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு. இந்தத் தடவை கால் பிரேக்குக்குப் போய்ச் சேர்ந்தது. குனிந்து பார்த்தார். அவருடைய கை தொடையைப் பிடித்திருந்தது. கைதான் காலைத் தூக்கி வைத்திருக்கிறது. அவருக்குத் தெரியாமலே.

கையை எடுத்துக்கொண்டார். ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அவர்கள் திரும்பி வந்தபோது சொன்னார்: "பூவரசா, பைப்ப வெட்டு. இந்தப் பொண்ண ஒக்கார வச்சு அளவெடு."

"மாமா, ஒங்க முட்டி சரியாயிட்டா?"

"சரியானா பள்ளிவாசலுக்கு நடந்து போவேன். ஏறி ஒக்காரும்மா, நேரமாவுது."

இர்பானா ஏறினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பட்டறையில் புழுக்கம் என்று பூவரசன் நினைத்திருப்பான். அவன் சீட்டுக்கு அடியில் கட்டைகளைக் கொடுத்து ஏற்றினான். வண்டியிலிருந்த ஒரு மஞ்சள் குடத்தை எடுத்துப்போய் முன்னால் தரையில் வைத்தான்.

"கொடம் தெரியுதா?"

"இல்லண்ணே."

இன்னொரு கட்டை.

"இப்ப?"

"வாய் மட்டும் தெரியுது."

"முழுசும் தெரியணும்ப்பா" என்றார் ஜபருல்லா. "அரியலூர் ரோட்டுல சிமெண்டு லாரி எப்படி வரும்னு ஒனக்குத் தெரியாதா? இன்னும் ஏத்து."

முழுக் குடமும் தெரிகிற உயரத்தில் பைப்பை வெட்டி, வெல்டிங் வைத்து, ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்ற பிறகுதான் விட்டார். திரும்புகிற வழியெல்லாம் அவர் தன் சீட்டின் பம்பை அடித்துக்கொண்டே வந்தார். தொப்பி கூரையில் உரசும்வரை ஏறினார், தரையோடு தரையாக இறங்கினார்.

"மாமா, போதும் மாமா. எனக்குச் சிரிப்பு வந்து வண்டி கோணுது."

காலை நன்றாக நீட்டிக்கொண்டார். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை ஏன் மறைக்க வேண்டும்? ஒரே நாளில் எல்லாம் மனசை விட்டு இறங்கிவிடுமா, சொல்லுங்கள்.

அந்த வாரம் அரியலூர் லைன். கடைத்தெருவில் கமலவேணி என்ற அம்மாவின் பாத்திரக் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, இர்பானா குடங்களை எண்ணிக் கொடுக்க உள்ளே போயிருந்தாள். சாவி வண்டியிலேயே இருந்தது. பின்னால் ஒரு லாரி வந்து ஆரன் அடித்தது.

"பாய், கொஞ்சம் முன்னாடி எடுங்க!"

ஜபருல்லா பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்து ஒரு காலைத் தூக்கி வைத்தார். தலை கூரையில் இடித்தது. குனிந்தார், தொடை ஸ்டீயரிங்கில் சிக்கியது. பாதி உள்ளே, பாதி வெளியே. கடைத்தெருவே பார்த்தது. அவரை இருபது வருஷமாக அந்த வண்டியில் பார்த்த கடைத்தெரு.

"என்ன பாய், ஒங்க வண்டிதானே?" என்று லாரிக்காரன் சத்தம் போட்டான்.

மெல்லக் காலை உருவிக்கொண்டு இறங்கினார். தொப்பியைச் சரிசெய்தார். கடையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

"இர்பானா! ஒன் வண்டிய கொஞ்சம் முன்னாடி எடும்மா. பின்னாடி லாரிக்கு வழி வேணுமாம்."

அவள் வாசலுக்கு வந்தவள் ஒரு நொடி நின்றாள். பிறகு ஓடிவந்து ஏறி, பெல்ட்டை மாட்டி, வண்டியை எடுத்தாள். ஜபருல்லா முன்னால் நின்று கையைக் காட்டினார். "வா... வா... இந்தப் பக்கம் ஒடி... போதும்."

படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கமலவேணி கேட்டாள்: "என்ன பாய், புது டிரைவரா?"

"ஆமாம்மா. பழைய ஆளு ரிட்டையர் ஆயிட்டாரு."

சொல்லிவிட்டு, மிச்சக் குடங்களை இறக்கப் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் இர்பானா சாவியை நீட்டியபோது, "ஆணியில மாட்டிரும்மா" என்றார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. இதுவரைக்கும் கேட்ட உங்கள் வீடுகளில் அடுப்பு குளிராமல் இருக்கட்டும். காலையில் வாசலை விட்டுப் போகிற வண்டி சேதமில்லாமல் திரும்பி வரட்டும். கடல் தாண்டி உழைக்கிற பிள்ளைகளுக்கு அல்லாஹ் நல்ல உடம்பைத் தரட்டும். வீட்டில் மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் நடுவில் ஸலாமத்தும் பரக்கத்தும், நிம்மதியும் வளமும், நிறையட்டும். ஆமீன்.