உரிக்கும் முன்னே சொன்ன மல்லாட்டை

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தை ஒட்டி பெஞ்சமின் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். 2005 பங்குனியில் அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாசனைதான் தூக்கல். காரணம் திலகா, எம்.சி.ஏ. கடைசி வருஷம். எது பருப்புள்ள கொட்டை, எது பொக்கு என்று உரிக்காமலே கம்ப்யூட்டரைச் சொல்லவைப்பது அவள் புராஜெக்ட்.

அதற்கென்று எஸ்.வி.எம். லைப்ரரி ஒன்றை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கியிருந்தாள். இரண்டு வகைக்கும் உதாரணம் காட்டினால், நடுவே கோடு கிழித்துப் பிரிக்கக் கற்றுக்கொள்ளும் புரோகிராம் அது. கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போன அம்மா ஜெயம்மாள் கொண்டுவந்த கொட்டைகளை ஒவ்வொன்றாக நீளம் அளந்தாள். நகைக்கடைத் தராசில் மில்லிகிராம் பிசகாமல் எடை போட்டாள். பிறகு உரித்துப் பார்த்துக் குறித்தாள். குறித்ததும் தின்றாள். நகைக்கடைக்காரரும் தின்றார்.

புரோகிராமோ எதைக் கொடுத்தாலும் ‘பருப்பு’ என்றே சாதித்தது.

“இன்னா திலகா, உன் மெஷினு வாயில பொக்குன்ற வார்த்தையே வரமாட்டுது?” என்று சீண்டினார் பெஞ்சமின்.

“பேஜார் பண்ணாதண்ணா. நானே கொழம்பிக்கினு கீறேன்.”

கடைசியில் லைப்ரரியோடு வந்த கையேட்டைத் திறந்தாள். எண்களை முதலில் ஒரே அளவுக்குள் கொண்டுவா என்றது அது. திலகா தலையில் அடித்துக்கொண்டாள். மில்லிகிராமில் எடை ஆயிரத்தைத் தொட்டது, சென்டிமீட்டரில் நீளம் மூன்றைத் தாண்டவில்லை. எடையின் கூச்சலில் நீளத்தின் பேச்சு எடுபடவே இல்லை! எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே அடக்கி, மறுபடி பழக்கினாள்.

அளந்து எடை போட்டு, உரிக்காமல் வைத்திருந்த புதுக் கொட்டைகளில் ஒன்றின் எண்களைத் தட்டினாள். ‘பொக்கு.’

பெஞ்சமின் உடைத்தார். வெறும் ஓடு.

“ஐயோ, ஆமா!” திலகா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். அடுத்தது ‘பருப்பு’, இரண்டு பருப்பு உருண்டு விழுந்தது. ரயில் டிக்கெட் பார்க்க வந்தவர், ஜாதகம் அச்செடுக்க வந்தவர் எல்லோரும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு கொட்டை, ஆளுக்கொரு கூச்சல். ஒருமுறை அது ‘பருப்பு’ என்றதை உடைத்தால் காற்று. அதற்குத்தான் சிரிப்பு இன்னும் பலம். திலகாவுக்கு விக்கலே வந்துவிட்டது.

வேலை முடிந்து ஜெயம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். தரையெல்லாம் தோல்.

“இன்னாடி இது, கூத்து?”

“கம்ப்யூட்டரு கத்துக்கிச்சும்மா!” விக்கலோடு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள் திலகா.