தரையில் கிடந்த சீலா

புதுப்பட்டினத்துப் பள்ளிக்கூட வாசலில் ஃப்ளெக்ஸ் தொங்கியது: ‘அறிவியல் – தொழில்நுட்பம் – கலை ஒருங்கிணைந்த கற்றல் மேம்பாட்டு மையம்’. பேரைப் படித்து முடிப்பதற்குள் ஒரு பீரியட் போய்விடும். முன்னாள் மாணவி ரெஜினாவை வாழ்த்திப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சிறுசேரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவள் நாலு நாள் முன்னாலேயே வந்தது வாழ்த்துக்காக இல்லை, மீனுக்காக. பழைய லேப் தரைக்கு டைல்ஸ் ஒட்டப் போகிறார்களாம்.

தொண்ணூற்று நாலில் ஒருங்கிணைப்பு என்பது மழை செய்த வேலை. ஓவிய வகுப்பின் கூரை இறங்கிவிட, ஜானகிராமன் சாரும் அறிவியல் சாராள் டீச்சரும் இந்த லேப்பிலேயே சேர்ந்து பாடம் நடத்த வேண்டியதாயிற்று. மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அங்கேயும் ஒரு ஓடு உடைந்திருந்தது. அந்த ஓட்டை வழியே தரையில் விழுந்த வெயில் பொட்டை, தினமும் சாப்பாட்டு பெல் அடித்ததும் குறிக்கச் சொன்னார் டீச்சர். குறிகளைப் பெயின்டால் சேர்த்தார் சார். பொட்டு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, வருஷ முடிவில் நீளமாக ஒரு எட்டு. பெரிய வளையம் உடம்பு, சின்னது வால். குப்பத்துப் பிள்ளைகள் பார்த்ததும் சொல்லிவிட்டார்கள், சீலா மீன் என்று.

அதற்கு நடுவில், பிப்ரவரியில் பெல் அடிக்கும் முறை ரெஜினாவுக்கு வந்தது. பசி தாங்காமல் ஒரு வாரம் ஐந்து நிமிஷம் முன்னாலேயே அடித்தாள். மீன் முடிந்தபோது கோடு அங்கே புடைத்துக்கொண்டு நின்றது. டீச்சர் அழிக்கச் சொன்னார். சார் அதைத் துடுப்பாக்கிவிட்டார். இருவரும் முட்டி போட்டுச் சண்டை பிடித்தார்கள், ஒரே துணியில் கை துடைத்தபடி.

பிறகு உடைந்த பெஞ்சுகள் குடியேறியதில் மீன் பிழைத்தது. யாரும் பழுதுபார்க்காததில் ஓட்டையும் பிழைத்தது.

“இன்னா ரெஜினா, வந்துட்டியா?” டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான் கூடப் படித்த மோசஸ். இப்போது கான்ட்ராக்டர். “மனசு வராம மூலைலருந்து ஒட்டிகினு கீறேன். உன் துடுப்பு அப்டியே கீது பாரு.”

மையத்தின் ஆலோசகர் ரோஹித் டேப்லெட்டோடு வந்தான். “இதோட லேர்னிங் அவுட்கம் என்ன மேடம்?”

“பசிச்சா துடுப்பு முளைக்கும்.”

அவன் அதையும் குறித்துக்கொண்டான். “கண்ணாடி போட்டு ஹெரிடேஜ்னு வெச்சிடலாம். மேல ஃபால்ஸ் சீலிங், ஸ்பாட் லைட்.”

“அப்போ வெயிலு?”

“அதான் லைட் போடறோமே.”

“கூரைய விட்டுடுங்களேன்.”

“ரெண்டையும் பழசா விட முடியாது மேடம். திறப்பு விழா போட்டோல தரையோ கூரையோ, ஒண்ணு புதுசாத் தெரியணும்.”

ரெஜினா குனிந்து துடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். பெயின்ட் விரலில் செதிலாக வந்தது. அழக்கூடாது என்று எழுந்துகொண்டாள்.

“தரைய மூடிடு மோசஸ். ஓட்டைய விட்டுடு.”

“நெசமாவா? முப்பது வருசத்து மீனு.”

“கண்ணாடிக்குள்ள வெச்சா கருவாடு.”

மறுநாள் மத்தியானத்துக்குள் வெள்ளை டைல்ஸ் வாலையும் விழுங்கிவிட்டது. பெல் அடித்தது. டைல்ஸில் எட்டணா அகலத்துக்கு வெயில் விழுந்தது. மோசஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்து அதைச் சுற்றிக் கோடு போட்டான்.

“புது டைல்ஸ்ல கிறுக்காதீங்க,” என்று ஓடிவந்த ரோஹித், பொட்டு கோட்டைத் தாண்டி மெல்ல நகர்வதைப் பார்த்து நின்றான்.

“நாளைக்கு இதே டயத்துக்கு இங்கயே விழுமா?”

“கொஞ்சம் தள்ளி வுழும் சார்.”

“எந்தப் பக்கம்?”

மோசஸ் ரெஜினாவைப் பார்த்தான். அவள் பென்சிலை வாங்கி ரோஹித்திடம் நீட்டினாள். இஸ்திரி போட்ட பேன்ட்டோடு அவன் தரையில் குந்தினான்.