அமுங்கிக் கிடந்த மைக்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி அன்று மதியம் ஒரு வாடிக்கையாளருக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, கல்லாப் பக்கத்து ரேடியோவில் அவளுடைய அக்காவின் குரல் வந்தது.

"இடப்பக்கம் திரும்புங்கன்னு சொன்னேனா இல்லையா? என் பேச்சைக் கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவுக்கு ரேடியோ என்றாலே ஆகாது. ரேடியோப் பைத்தியமெல்லாம் அத்தானுக்குத்தான். அவர்தான் அவளையும் பரீட்சை எழுதவைத்து, உரிமம் வாங்கவைத்து, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஊர் ஹாம் ரேடியோ கிளப்பில் சேர்த்துவிட்டவர். ஊரிலேயே உயரமான அடுக்குமாடியின் மொட்டைமாடியில் கிளப்புக்கென்று ஒரு ரிப்பீட்டர் உண்டு. உறுப்பினர்களின் சின்னக் கருவிகளிலிருந்து மெலிதாக வரும் பேச்சை ஓர் அலைவரிசையில் வாங்கி, இன்னோர் அலைவரிசையில் ஊர் முழுக்கக் கேட்கும்படி ஓங்கிச் சொல்லும் பெட்டி அது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்த வருஷம் அவள் தலையில் விழுந்திருந்தது.

விஷயம் புரிய நேரமாகவில்லை. அத்தான் காரிலிருக்கும் மைக் எங்கேயோ இடுக்கில் விழுந்து, பேசும்போது அழுத்தும் அதன் பட்டன் அமுங்கிக் கிடக்கிறது. யாராவது நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனால் ரிப்பீட்டர் தானாகவே வாயை மூடிக்கொள்ளும். ஆனால் கார் பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் பட்டன் விட்டுவிட்டு அமுங்கியதில் அந்த ஏற்பாடும் பலிக்கவில்லை. அத்தானுக்குப் போன் போட்டாள். வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார். அக்காவும் எடுக்கவில்லை.

கிளப் ஆட்களுக்கோ கொண்டாட்டம். "அந்தம்மா சொல்றதுதான் சரி, இடப்பக்கம்தான் கிட்ட" என்று வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுதினார் கணக்கு வாத்தியார். "நிறுத்திடாதீங்க, பேஷன்ட்டை வாயைத் திறந்து வெச்சுட்டுக் கேட்டுட்டிருக்கேன்" என்றார் பல் டாக்டர். அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் ரிப்பீட்டர் அடங்கிவிடும். இன்னும் கொஞ்சம் போகட்டுமே என்று விட்டுவிட்டாள்.

அப்போது அத்தான் சொன்னார்: "அவளைக் கடையில ஏத்திக்கிட்டு நேரா மொட்டைமாடிக்குப் போயிடலாம். பேட்டரி மாத்தணும். நீ கீழ கார்லயே இரு."

"இருக்கேன். எனக்கு வேற என்ன வேலை?" அக்காவின் குரலில் சண்டைச் சூடு இறங்கியிருந்தது. "வாராவாரம் வீட்டுக்கு வர்றா. வாசல்லயே உங்ககூட ஆரம்பிச்சுடுறா, ஆன்டெனா, கேபிள்னு. நான் சோத்தைப் போட்டுட்டு சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். முன்னல்லாம் என்னைப் பாக்கத்தான் வருவா. இப்ப..."

அவள் விரல் பதறிப்போய்த் திரையைத் தட்டியது. ரிப்பீட்டர் அடங்கியது. குழுவிலும் பேச்சு மூச்சில்லை.

ஊருக்குத்தான் கேட்காது. கார் கிட்டத்தில் வந்துவிட்டதால், ரிப்பீட்டர் வாங்கிக்கொள்ளும் அந்த அலைவரிசைக்கே மாற்றினால் அவளுக்கு மட்டும் நேரடியாகக் கேட்கும். கேட்கக் கூடாது என்று தெரியும். வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குமிழைத் திருகினாள்.

கரகரப்புக்கு நடுவே அத்தான் கேட்டார்: "நீயும் பரீட்சை எழுதிடேன்?"

"எனக்கு எதுக்குங்க ரேடியோ? எனக்கு என் தங்கச்சி வேணும்."

சற்றைக்கெல்லாம் வாசலில் கார் வந்து நின்றது.

அவள் போய்க் கார்க் கதவைத் திறந்து, அக்காவின் கைப்பைக்கு அடியிலிருந்து மைக்கை உருவினாள். அத்தானுக்குப் பார்த்ததுமே முகம் செத்துவிட்டது. அக்காவுக்குத்தான் புரியவில்லை.

"நீங்க பேசினதெல்லாம் ரேடியோல வந்துச்சுக்கா."

"எல்லாமா?"

"வழித் தகராறு முழுசா வந்துச்சு. என்னைப் பத்தி ஆரம்பிச்சதும் நிறுத்திட்டேன். ஆனா கொஞ்சம் வெளிய போயிடுச்சு." அதோடு விட்டிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்து மறைக்க மனம் வரவில்லை. "மீதிய நான் மட்டும் கேட்டேன்."

"ஒட்டுக்கேட்டியா?"

"ஆமாக்கா."

அக்கா வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தான் தொண்டையைச் செருமி, "மைக் மாட்டுற கொக்கி லூஸா இருக்கு, மாத்தணும்" என்றார்.

"இப்ப அதுவா முக்கியம்?" என்று அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அவள் மொட்டைமாடிச் சாவியை அத்தான் கையில் கொடுத்தாள். "பேட்டரி தூக்க வாத்தியாரைக் கூப்பிட்டுக்கோங்க. நான் அக்காகூட இருக்கேன்."

"பாவம் பாத்து யாரும் என்கூட உக்கார வேணாம்" என்றாள் அக்கா.

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா இறங்கினாள். கதவில் ஒரு கையை ஊன்றி, மெதுவாக.

"முட்டிக்கு என்னாச்சு?"

"இப்பத்தான் கண்ணுல பட்டுச்சா? எக்ஸ்ரே எடுத்தே ஒரு மாசமாச்சு."

கடைக்குள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அத்தானோடு மணிக்கணக்காகப் பேசுகிற அவள் வாய் இப்போது ஒட்டிக்கொண்டது. கடைசியில், "தனியாவா போன?" என்று கேட்டாள்.

"கூப்பிடலாம்னுதான் நினைச்சேன். நீ அன்னைக்கு மாடியில கேபிள் இழுத்துட்டிருந்த."

சுருக்கென்றது.

"மறுபடி எப்ப வரச் சொல்லியிருக்காங்க?"

"திங்கக்கிழமை."

"கடையை மூடிட்டு நானும் வர்றேன்."

"ஒண்ணும் வேணாம்" என்றாள் அக்கா. பிறகு நாற்காலியில் காலை நீட்டி, முட்டியை நீவிவிட்டுக்கொண்டே, "காலைல வெள்ளன கிளம்பணும்டி. நீ ஒரு தூங்குமூஞ்சி" என்றாள்.