பதினான்கு பேர் ஏறவிருந்த மாடம்

கல்லூரியில் அவளுக்கு ‘வேண்டாம் மேடம்’ என்று பெயர். எடுப்பது இயற்பியல் பாடம். கூடவே மாணவர் மன்றங்களின் பாதுகாப்புப் பொறுப்பையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். மழை நாளில் மலையேறக் கிளம்பினால் வேண்டாம், கரையில் ஆளில்லாமல் நீச்சல் குளத்தில் இறங்கினால் வேண்டாம். அவளைக் கண்டு எந்த மன்றத்தாரும் முகம் மலர்ந்ததில்லை. அதற்காக அவள் அலட்டிக்கொண்டதும் இல்லை.

நாடக மன்றத்தோடுதான் வீட்டுக்குள்ளும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதன் செயலாளர் அவளுடைய அக்கா மகன். ‘டைரக்டர்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அக்கா வெளியூரில் இருந்ததால், கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவன் சாப்பிட்டதும் தூங்கியதும் சித்தி வீட்டில்தான்.

அந்த ஆண்டு நாடகத்தில் கடைசிக் காட்சி, அரண்மனை மாடத்தில் பதினான்கு பேர் ஏறிக் காலால் தட்டிக் கலகம் செய்வது. பழைய பெஞ்சுகளைப் பிரித்து ஆளுயரத்துக்கு மேல் அவர்களே மாடம் கட்டியிருந்தார்கள். ஒத்திகையின்போது அவள் ஒரு கையால் தள்ளிப் பார்த்தாள். ஆடியது. நான்கு பக்கமும் குறுக்குக்கட்டை அடிக்கவும், கைப்பிடி வைக்கவும், ஏறுகிறவர்களைப் பாதியாகக் குறைக்கவும் சொன்னாள். அவன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினான். வீட்டுப் பிள்ளையாயிற்றே என்று அவளும் நம்பிவிட்டாள்.

நாடகத்தன்று அரங்கம் நிரம்பிக்கொண்டிருந்தபோது திரைக்குப் பின்னால் போனாள். மாடத்தின் கால்களைக் கறுப்புத் துணி மறைத்திருந்தது. தூக்கிப் பார்த்தாள். ஒரு குறுக்குக்கட்டைகூட இல்லை. கட்டை அடித்தால் கதாநாயகி அடியில் நுழைந்து வர முடியாதாம். அப்படியானால் மாடமே வேண்டாம் என்றாள். அவன் நண்பர்களைப் பார்த்துச் சிரித்தான். முன்வரிசையில் இருந்த முதல்வரிடம் ஓடினாள். பக்கத்து விருந்தினரை விட்டுப் பார்வையைத் திருப்பாமலே அவர், இன்று ஒரு நாள் அனுசரித்துப் போகச் சொன்னார்.

திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏணியில் ஏறி, மாடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் ஒருத்தி பாரத்துக்கே அது ஆடியது. யாரும் மேலே வரமாட்டோம் என்று ஒத்துக்கொள்ளாதவரை இறங்கப் போவதில்லை என்றாள்.

அரங்கத்தில் பொறுமையிழந்து கைதட்ட ஆரம்பித்தார்கள். கதாநாயகி அழுததில் மை கன்னத்தில் வழிந்தது. ஏணியை எடுத்துவிடலாம், மேடம் அங்கேயே குடித்தனம் பண்ணட்டும் என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். டைரக்டர் ஏணியில் பாதி ஏறி, முகத்துக்கு நேராக, அடிக்குரலில் பேசினான்.

“உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இல்ல. அதான் ஊரான் பிள்ளைங்களைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க.”

இந்த வார்த்தையை இத்தனை வருடமும் அக்காகூடச் சொன்னதில்லை.

“பேசி முடிச்சிட்டியா?” என்றாள். “அப்ப இறங்கு. இது ரெண்டு பேரைத் தாங்காது.”

நாடகம் தரையிலேயே நடந்தது. கலகக்காரர்கள் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்போல வரிசையாக நின்று காலைத் தட்டினார்கள். அழ வேண்டிய இடத்தில் அரங்கமே சிரித்தது.

மறுநாள் காலை மாடத்தைப் பிரிக்கும்போது அவள் போய் நின்றாள். அவளைப் பார்த்ததும் அத்தனை பேரும் மேலே ஏறி, ‘வேண்டாம் வேண்டாம்’ என்று பாடியபடி குதித்தார்கள். இறங்குங்கள் என்று அவள் தொண்டை கிழியக் கத்தியது யார் காதிலும் விழவில்லை. மாடம் ஆடியது, முனகியது, ஆனால் விழவில்லை. பிறகு ஒவ்வொருவராக இறங்கி, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தேநீர் குடிக்கப் போனார்கள். அவளுக்குக் காதுமடல் எரிந்தது.

டைரக்டர் மட்டும் தங்கி, ஆணிகளைக் கழற்றினான். பின்பக்கக் கால் ஒன்றை இழுத்தபோது அது இரண்டாகப் பிளந்து கையோடு வந்தது. அடிவரை ஓடிய விரிசல், உள்ளே அழுக்கேறாத வெள்ளை. சற்றுமுன் குதித்ததில் வெடித்திருக்க வேண்டும். ஒற்றை ஆணிதான் இத்தனை பேரையும் பிடித்து வைத்திருந்தது. அவன் பார்த்தான். அவள் பார்ப்பதையும் பார்த்தான். பிளந்த பக்கம் கீழே இருக்கும்படி அதைக் குவியலில் போட்டான்.

“அவங்ககிட்ட சொல்ல மாட்டியா?” என்றாள்.

“பழைய கட்டை. இழுக்கும்போது வெடிச்சிருக்கும்.”

அவள் அந்தக் கட்டையை எடுத்துப் போய் முதல்வரின் மேஜைமேல் வைத்தாள். அவர் மேஜையில் கீறல் விழும் என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றும் கேட்டார்.

அன்று மாலையே அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான். தன் மகனை ஊரே பார்க்க அவமானப்படுத்தியவள் இனி தன் வாசல் மிதிக்க வேண்டாம் என்று அக்கா போனில் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள். ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்திருக்கலாமே என்றார் கணவர்.

“எந்த ஒரு தடவை?” என்று கேட்டாள். அவர் எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாடகத்துக்கும் அவன்தான் செயலாளர். புது மேடை இடுப்பளவு உயரம்தான். நாலாபுறமும் குறுக்குக்கட்டை, திருகாணி, கைப்பிடி. அவள் இரு கைகளாலும் உலுக்கினாள். அசையவில்லை. ஏறி நின்று குதித்தும் பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

“நல்லா கட்டியிருக்கே,” என்றாள்.

“பார்த்தாச்சுன்னா கிளம்புங்க மேடம். எங்களுக்கு ஒத்திகை இருக்கு.”

அவள் கிளம்பினாள். யாரும் வழிவிடவில்லை, நாற்காலிகளுக்கு இடையில் சுற்றிக்கொண்டுதான் வெளியே வந்தாள்.