தையற்காரரை நீக்கிய கடிதம்

டீச்சரும் தையற்காரரும் சேர்ந்து கட்சி ஆரம்பித்தபோது ஊரே சிரித்தது. "ஒருத்தர் கையில சாக்பீஸ், ஒருத்தர் கையில கத்தரிக்கோல். நாடு உருப்பட்ட மாதிரிதான்" என்றார்கள். முப்பத்திரண்டு வருடங்களில் அந்தக் கட்சி நாட்டை ஆளும் கூட்டணியில் போய் உட்கார்ந்தது. டீச்சர் நிறுவனத் தலைவர். அவருடைய ஒரே மகன் பொதுச்செயலாளர். தையற்காரர் பதவியே வேண்டாமென்று கடையில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் பத்திரிகைக்காரரிடம் மனதில் பட்டதைச் சொல்லித் தொலைத்தார். "இது நாங்க ஆரம்பிச்ச கட்சி இல்ல. பேரு மட்டும்தான் அது."

மறுநாள் காலை மகன் ஒரு கடிதத்தோடு வந்தான். "அம்மா, ஒரு கையெழுத்து."

தையற்காரரைக் கட்சியிலிருந்து நீக்கும் கடிதம். நிறுவனத் தலைவர் கையெழுத்தில்லாமல் யாரையும் நீக்க முடியாது என்பது, தொண்டர்களைக் காப்பாற்ற டீச்சர் தானே எழுதிய விதி.

"அவர் என்னடா பொய் சொல்லிட்டாரு?"

"பொய்னு யாரும் சொல்லலம்மா. பேப்பர்ல சொன்னதுதான் தப்பு."

"நான் போட மாட்டேன். வேணும்னா என்னையும் நீக்கிக்கோங்க."

"உன்னை எப்படிம்மா நீக்குறது? மாநாட்டுக்கு அடிச்ச போஸ்டர்ல எல்லாம் நீதானே இருக்க."

டீச்சர் அங்கேயே நாலு வரியில் ராஜினாமா எழுதி நீட்டினார். மகன் அதைப் படிக்கக்கூட இல்லை. இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மாநாட்டன்று காலைப் பத்திரிகையில் நீக்கல் கடிதம் வந்திருந்தது. அடியில் டீச்சரின் கையெழுத்து. போன வருடம் கண் ஆபரேஷனுக்குப் போகுமுன், அவசரத்துக்கு உதவுமென்று மகன் கேட்டதால் வெற்றுத்தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

மகன் காவலுக்கு அனுப்பியிருந்த இருவரையும் வாசலில் நிற்க வைத்துவிட்டுத் தையற்கடைக்குள் நுழைந்தார். தையற்காரர் ஒரு கால்சட்டைக்குப் பட்டி மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் போடலைங்க."

"தெரியும் டீச்சர். இப்பல்லாம் உங்க கையெழுத்து நடுங்கும். அதுல நடுங்கல."

"வெளியில சொல்லிடுறேன்."

அவர் ஊசியை நிறுத்தினார். "சொன்னா மோசடின்னு கேஸ் வரும். பையன் உள்ள போவான். உங்களால முடியுமா?"

ஸ்டூலில் கிடந்த துணித்துண்டுகளைத் தள்ளிவிட்டு, "உக்காருங்க" என்றார் தையற்காரர். அதற்குள் வாசலில் நின்ற இருவரில் ஒருவர் தலையை நீட்டி, "அம்மா, மேடைக்கு நேரமாச்சு. அண்ணன் மூணு தடவை கூப்பிட்டுட்டாரு" என்றார்.

மேடையில் நடு நாற்காலி அவருக்கு. கீழே மைதானம் கொள்ளாத கூட்டம். "நம்ம அம்மா ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று மகன் மைக்கை அவர் பக்கம் திருப்பினான். டீச்சர் எழுந்தார். தையற்காரரின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. மகன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். அவன் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. சின்ன வயதில் பரீட்சைத் தாளை ஒளித்துவைத்துவிட்டு நிற்பானே, அதே நிற்பு.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார். வெகுநேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டல் அடங்கவே இல்லை. தொண்டர்களின் அன்பைக் கண்டு நிறுவனத் தலைவருக்குப் பேச்சே வரவில்லை என்று மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின.